விரத வாரத்தில் பெட்டி தாண்டியவர்

சிவநேசன் அண்ணை பாய்ச்சல் பயிற்சிக்கான மரப்பெட்டியிலிருந்து குதித்து இறங்கும்போது வலது முழங்கால் உள்பக்கமாக மடங்கியது. ஓடிப்போய்ப் பிடித்தேன். முகம் வெளிறியிருந்தது, கை சில்லிட்டிருந்தது.

"என்னண்ணை, மத்தியானம் சாப்பிட்டனீங்களோ?"

"கந்தசட்டியெல்லோ தம்பி. நாலு நாளா வெறும் பால்தான்."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

பிரெஞ்சுத் தலைநகரின் மார்க்ஸ் டோர்மோய் பகுதியில் ஒரு ஜிம்மில் நான் கோச். பனிச்சறுக்குக்குப் போகிறவர்களைக் குளிர்காலத்துக்கு முன்பே தயார்படுத்துவது என் வகுப்பு. முன்பு பிரெஞ்சுக்காரர்கள்தான் வந்தார்கள். இப்போது நம் ஆட்களும் வருகிறார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தோடு மலைக்குப் போய்ப் பழகிவிட்டுப் பெற்றோரையும் இழுத்துப் போகிறார்கள். அண்ணையும் அப்படித்தான் நாற்பது வயதில் பழகினார். பக்கத்திலிருக்கும் லா ஷப்பலில் மரக்கறிக் கடை வைத்திருக்கிறார், வயது அறுபது தாண்டிவிட்டது. வரும் பெப்ரவரியில் பேத்திக்கு முதன்முதலாக ஸ்கிப் பலகை பூட்டித் தானே பழக்குவதாக வாக்குக் கொடுத்திருந்தார். கடைக்கு வருகிறவர் எல்லாரிடமும் அதே கதைதான்.

ஐம்பது தாண்டினால் பயிற்சியை மாற்ற வேண்டும். முந்தியே தொடங்க வேண்டும். பாய்ச்சலைக் குறைத்து, படியில் மெதுவாக இறங்குவதையும் ஒற்றைக்காலில் நிற்பதையும் கூட்ட வேண்டும். நடுவில் ஓய்வு நாள் வேண்டும். இதை முதலாளியிடம் செப்டம்பரிலேயே சொன்னேன். அவன் இங்கேயே பிறந்த பெடியன்.

"எல்லாருக்கும் ஒரே புரோகிராம்தான் அண்ணை. வயசெல்லாம் மனசிலைதான். வேர்த்துக் கொட்டாட்டி ஆக்கள் வரமாட்டினம்."

வயது முழங்காலிலும் இருக்கிறது என்றேன். சிரித்தான். வருகிறவர்களிடம் என்ன சாப்பிட்டார்கள் என்றும் கேட்கக் கூடாதாம். அது அவரவர் சொந்த விஷயமாம். சிவநேசன் அண்ணையும் அவன் பக்கம்தான். மெல்ல இறங்குங்கோ என்றால், "என்னைக் கிழவனாக்கிறாய்" என்று முறைப்பார்.

அன்று நான் படுக்கவைத்த தரையில் கிடந்தபடியும் அண்ணை விடவில்லை. "நாப்பதிலை விரதத்தோடையே பாய்ஞ்சனான்."

"அப்ப உங்களுக்கு நாப்பது. விரதம் பிடிக்க வேண்டாமெண்டு ஆர் சொன்னது? ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா கதிரையிலை இருத்தி லேசான பயிற்சி தந்திருப்பன்."

சத்தம் கேட்டு முதலாளி வந்தான். "அவரெல்லோ எங்களுக்குச் சொல்லியிருக்க வேணும்" என்றான். கேட்கக் கூடாது என்றவனே அவன்தான். வாய்க்கு வந்தபடி ஏசினேன். அதற்கு இன்றும் எனக்கு வருத்தமில்லை.

தசைநார் கிழிந்திருந்தது. இந்தக் குளிர்காலம் மலைப்பக்கம் போகவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். பெப்ரவரியில் குடும்பம் போனது, அண்ணை போகவில்லை.

அதே வருடம் செப்டம்பரிலேயே பயிற்சிக்கு வந்தார். விரத வாரம் முழுக்கக் கதிரைப் பயிற்சிதான். முணுமுணுத்துக்கொண்டே செய்தார். அடுத்த பெப்ரவரியில் மலைக்குப் போய்த் திரும்பியதும், எப்படி என்று கேட்டேன்.

"கால் நிண்டது தம்பி. ஆனா பேத்தி போன வருசமே பழகீட்டாள். கீழை நிண்டு கை காட்டுறாள், மெல்ல வாங்கோ அம்மப்பா எண்டு."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வார்ம்-அப்புக்கு முன் ஒவ்வொருவரிடமும் என்ன சாப்பிட்டீர்கள், எப்படித் தூங்கினீர்கள் என்று கேளுங்கள். முதலாளி முறைத்தால் முறைக்கட்டும். ஒரு பிள்ளை முதன்முதலாகச் சறுக்குவது ஒரு தடவைதான். பேத்தி சறுக்கிய அந்த நேரத்தில் அண்ணை ஊன்றுகோலைப் பக்கத்தில் சாத்திவிட்டு, லா ஷப்பலில் யாருக்கோ கத்தரிக்காய் நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.