மரகதம் அக்கா ருசி பார்க்க முடியாத சுரைக்காய்

நம் குடியிருப்போர் சங்கச் செயலாளர் மீது நான் வைக்கும் குற்றச்சாட்டுகள்:

1. ஆடி இரண்டாம் ஞாயிறு: எந்தக் கொடியில் எடுத்தவை என்று விசாரிக்காமல், நம் தெரு வீடுகளுக்குச் சுரை விதைகளை வழங்கினார்.
2. ஆவணி முதல் வாரம்: "கசக்கும் சுரைக்காய்ச் சாறு சர்க்கரையை விரட்டும்" என்று தெருவின் வாட்ஸப் குழுவில் பதிவிட்டார். அது இன்னும் நீக்கப்படவில்லை.
3. சென்ற புதன்கிழமை காலை: மரகதம் அக்காவுக்காக ஒரு துண்டைக் கடித்து, கசப்பை உணர்ந்த பிறகும், அவரைக் குடிக்கச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை வகுப்பில் இருந்தேன். அக்காவின் மகள் அழைத்து, "அம்மா போயிட்டாங்க மாமா" என்றாள். கரும்பலகையில் பாதியில் நின்ற சமன்பாட்டை என்னால் முடிக்க இயலவில்லை.

நான் வேதியியல் கற்பிக்கும் கல்லூரியில் அக்கா ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சின்ன காஞ்சிபுரத்தில் எனக்கு அடுத்த வீடு. "லேப்ல எதையும் நாக்குல வெக்காத. தோட்டத்துல நாக்குல வெக்காம எதையும் அடுப்புல ஏத்தாத" என்பார். காம்புப் பக்கம் ஒரு சீவல் சீவி, கடித்து, துப்பிவிட்டுத்தான் மீதியை நறுக்குவார்.

ஒருமுறை எங்களைச் சாப்பிட அழைத்திருந்தார். நறுக்கிய காய்களில் ஒன்றை அவர் கடித்துப் பார்க்கவில்லை. கூட்டு கொதித்த பிறகு கசப்பு தெரிந்தது. பானையோடு கொல்லைக் குழியில் கொட்டிவிட்டார். "பருப்பு வீணாச்சேக்கா" என்றேன். "நீ வீணாகலையே, உக்காரு" என்று மோர்ச் சோறு போட்டார்.

ஆவணிக் காய்ச்சலுக்குப் பின் அவர் நாக்கில் சுவை நின்றுபோனது. அன்றுமுதல் நானே தினமும் சுவர் ஏறி எட்டிப் பார்த்து அவருக்காகக் கடித்தேன். "புரொபசரு, டூட்டிக்கு வந்துட்டியா?" என்று சிரிப்பார். சர்க்கரை மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. பார்வை போய்விடும் என்ற பயம் அவரை அரித்தது.

புதன்கிழமை விடைத்தாள் திருத்த வேலூர் போனேன். பேருந்து தாமல் ஊரைத் தாண்டும்போது அக்கா அழைத்தார்.

"தம்பி, கடிக்காமலே போயிட்டியேபா. ஜூஸ் போடணும்."

"நாளைக்குக் குடிங்கக்கா."

"சர்க்கரை ஏறிக்கினே இருக்குதுபா. கண்ணு மங்குது. எனக்கு பயமா இருக்குது."

"அப்போ பக்கத்துல யாரையாவது கடிக்கச் சொல்லுங்க."

யாரையாவது. நான்காவது குற்றச்சாட்டு இது, என் மீது.

தகவல் வந்து, மாலையில் வேலூரிலிருந்து மருத்துவமனைக்கு ஓடினேன். அக்கா ரத்த வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "காய் கசந்துதா?" என் பின்னால் நின்ற செயலாளர் பதில் சொன்னார்: "கசந்துது சார். அதனாலதான் மருந்துக்கா, தைரியமா குடிங்கன்னேன்." கசக்கும் சுரைக்காய் நஞ்சு என்று மருத்துவர் சொன்னபோதும் அவர் முகம் மாறவில்லை. நான் வராந்தாவுக்கு வந்து என் மனைவியை அழைத்தேன்.

"நம்ம பந்தல்ல காய் பறிச்சியா?"

"நேத்து கூட்டுக்குப் பறிச்சேனே, நீங்களும் சாப்டீங்களே. ஏன், என்னாச்சு?"

அந்தக் காய் கசக்கவில்லை. செயலாளர் அக்காவுக்கும் எங்களுக்கும் தந்த அதே விதையில் வளர்ந்த எங்கள் கொடியில் இப்போது மூன்று பிஞ்சுகள் தொங்குகின்றன. நான் அவற்றுக்குப் பயப்படுகிறேன். இன்று காலை ஒன்றைச் சீவி நாக்கில் வைத்துத் துப்பினேன். அக்காவிடமிருந்து எனக்கு எஞ்சியிருப்பது அந்த ஒரு சீவல்தான். அவரை அறிந்த நீங்கள் ஒவ்வொருவரும் அதை எடுத்துக்கொள்ளுங்கள்: சீவுங்கள், கடியுங்கள், துப்புங்கள், கசந்தால் முழுவதையும் குழியில் போட்டு மூடுங்கள்.

வரும் சனிக்கிழமை புரட்டாசிச் சனி. பல வீடுகளில் பந்தலில் பறித்த காயே அடுப்பேறும். ஆகவே செயலாளர் அவர்களே, விதை பெற்ற வீடுகளின் முழுப் பட்டியலும், அந்தப் பதிவு தவறு என்ற உங்கள் கையொப்பமிட்ட ஒப்புதலும் வரும் வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் எழுத்தில் என் கைக்கு வர வேண்டும். வாய்வார்த்தை வேண்டாம். நீங்கள் கடைசியாகச் சொன்ன வாய்வார்த்தையைத்தான் அக்கா நம்பினார்.