கிணற்று மேட்டில் ஒரு மேஸ்திரி

கிணறு வெட்டுவதுகூடப் பழகிவிடும். வெட்டுகிறவர்களிடம் வேலை வாங்குவதுதான் ஜென்மத்துக்கும் பழகாது. நாலு ஆட்களையாவது வைத்துக்கொண்டு தொண்டை வற்றிப்போன புண்ணியவான்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம். எங்கள் பழைய மேஸ்திரி அந்த வேலைக்குப் போய்விட, எருமப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பாதியில் நின்ற கிணறும் பத்துப் பன்னிரண்டு ஆட்களும் என் தலையில் விழுந்தன.

இடது, வலது

அதற்கு முன்பு ரோடு வேலையில் ஓர் ஓவர்சியரைப் பார்த்திருந்தேன். குடையை விரித்துக்கொண்டு "இடது பக்கம்! வலது பக்கம்!" என்று கத்துவார். அதிகாரம் என்றால் அப்படித்தான் போலிருக்கிறது என்று நானும் ஒரு குடை வாங்கினேன். கிணற்று மேட்டில் நின்று, "இடது பக்கத்தை வெட்டுங்கப்பா" என்று குரல் கொடுத்துவிட்டு வேப்பமர நிழலுக்குப் போனேன். மத்தியானம் வந்து எட்டிப் பார்த்தால் எனக்கு வலது பக்கத்தில் இரண்டு முழம் பள்ளம். அரை நாள் வேலை பாழ்.

வாய்க்கு வந்தபடி ஏசினேன். பாறையில் துளை போடுகிற அங்கண்ணன் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தான். இந்தப் பக்கத்தில் யாருமே இடது வலது சொல்வதில்லை, திசைதான் சொல்வார்கள். எனக்கும் அது பிறந்ததிலிருந்து தெரியும். குடை வாங்கியபோது மறந்துபோயிற்று.

"ஏனுங்க மேஸ்திரி, ஆளு திரும்புனா கையுந்தான் கூடத் திரும்புமுங்க. மேக்கு திரும்பாதுங்களே."

என்னைக் கேட்காமல்

அந்த அவமானத்துக்குப் பிறகு, என்னைக் கேட்காமல் ஒரு துரும்பைக்கூட எடுக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவைத்தேன். மறுநாள் வெடிமருந்து வாங்க நாமக்கல் போய்விட்டுப் பொழுது சாயத் திரும்பினேன். ஆட்கள் எல்லோரும் நிழலில் வரிசையாக உட்கார்ந்து புளியங்கொட்டை ஆடிக்கொண்டிருந்தார்கள். கல் கூடை தூக்குகிற கயிற்றில் ஒரு புரி அறுந்துவிட்டதாம். புதுக் கயிறு பக்கத்திலேயே, அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து கை எட்டுகிற தூரத்தில் கிடந்தது! அதை மாற்றிக் கட்ட என்ன கேடு என்று குதித்தேன். எனக்கு வந்த கோபத்தில் குடையை முறித்துவிட்டேன், என் குடையைத்தான். அங்கண்ணனின் பெண்சாதி பாவாயி, கூடை சுமக்கிறவள், மடியிலிருந்த கொட்டைகளை உதறிவிட்டு எழுந்தாள்.

"துரும்பையே எடுக்கப்படாதுன்னீங்க சாமி. இது கவுறுங்க."

மாலை

ஒரு வாரத்தில் கிழக்குச் சுவரில் ஊற்றுக் கசிந்தது. ஊற்றுக் கண்டால் கிடாய் வெட்டி, வெட்டினவர்களுக்கு மாலை போடுவது இங்கே வழக்கம். தோட்டத்துக்காரர் மாலையோடு வந்து "யாரு கண்டது?" என்றார். நான் கழுத்தை நீட்டினேன். கீழே முட்டியளவு சேற்றில் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாவாயி மட்டும் எனக்குக் கேட்கிற மாதிரிப் புருஷனிடம் சொன்னாள்:

"மேஸ்திரிக்கு வேட்டி நனையாமயே தண்ணி தெரியுதுங்க மாமா."

ஏழு வெடி

ஊற்றுக்குக் கீழே கருங்கல். ஏழு துளை போட்டு மருந்து கெட்டித்தோம். திரியைப் பற்றவைத்ததும் எல்லோரும் ஓடிவந்து வரப்புக்குப் பின்னால் படுத்து வெடியை எண்ண வேண்டும். போட்ட துளையும் கேட்ட வெடியும் சரியாக இருந்தால்தான் மேஸ்திரி "இறங்கு" என்பார். நான் எண்ணினேன், ஏழு. அங்கண்ணன் எழுந்து படிக்குப் போனான்.

"ஆறுதாங்க" என்றாள் பாவாயி.

தோட்டத்துக்காரர் பார்த்துக்கொண்டு நிற்கிறார். மாலை போட்டு இரண்டு நாள்கூட ஆகவில்லை. "கூடை தூக்கறவளுக்கு வெடிக் கணக்கு என்ன தெரியும்? அங்கண்ணா, இறங்கு!" என்று கத்தினேன். அவள் ஓடிப்போய் முதல் படியில் குறுக்கே உட்கார்ந்துகொண்டாள். புருஷன் அதட்டினான், அசையவில்லை. எனக்கு உச்சி வெடித்துவிடும் போலிருந்தது. எழுந்திருக்கப் போகிறாயா, இல்லையா என்று கேட்டேன்.

"ஏழுன்னு நெசமாத் தெரிஞ்சா நீங்க மொதல்ல எறங்குங்க சாமி. அவரு பொறத்தால வருவாரு" என்று சொல்லி நகர்ந்து எனக்கு வழி விட்டாள்.

நான் இறங்கியிருக்க வேண்டும். ஆனால் நின்றேன். அங்கண்ணனை அனுப்பும்போது நிச்சயமாக ஏழாக இருந்தது, என் காலை வைக்கப்போனதும் ஆறோ என்று தோன்ற ஆரம்பித்தது. கிணற்றுக்குள் எதிரொலி உண்டு, அதையும் சேர்த்து எண்ணிவிட்டேனோ? அப்படி யோசித்துக்கொண்டு நின்ற அந்த நேரத்தில் உள்ளே வெடித்தது. கல் சிதறி மேடு வரைக்கும் வந்து விழுந்தது.

ஈரத் திரி மெதுவாக எரிந்திருக்கிறது. அங்கண்ணன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். ஒரு பெண்பிள்ளை சொல்லி நான் கேட்பதா என்ற ஒரே வீம்பில், ஒரு மனுஷனைக் கொல்லப் பார்த்திருக்கிறேன். பாவாயி என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் முந்தானையால் புருஷன் முகத்தைத் துடைத்துவிட்டுக் கூடையைக் கையில் எடுத்தாள்.

"இப்ப ஏழாச்சுங்க, மேஸ்திரி."

அன்றைக்குப் பிறகு நான் வெட்டின எந்தக் கிணற்றிலும் வெடியை எண்ணுவது பாவாயி, "இறங்கு" என்று அதிகாரமாகக் கத்துவது மட்டும் நான், அதுவும் அவள் தலையாட்டிய பிறகு.