வினாகிரிப் போத்தல்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். ஒருவரும் என் முன்னால் எச்சில் கையைக் கறிச்சட்டிக்குள் விட்டதில்லை.

ரூ பெர்தொனே என்ற பிரெஞ்சுத் தெருவில் இருக்கிற மகளின் கடைக்கு நான்தான் வடை சுடுகிறேன். சனிக்கிழமைகளில் ஒரு பிலிப்பீன்காரி தனியே வருவாள். கட்டையான உருவம், கழுத்தில் சிலுவை, வீடுகள் துடைத்து வெடித்துப்போன கைகள். பையிலிருந்து வாயகன்ற போத்தல் ஒன்றை எடுப்பாள். உள்ளே உள்ளியும் மிளகாயும் ஊறிய புளிப்பு வினாகிரி. வடையைக் கடிப்பாள், கடித்த பக்கத்தையே அதற்குள் தோய்ப்பாள், மறுபடி கடிப்பாள். வடைத் தூள் எச்சிலோடு உள்ளே மிதக்கும். நான் என் வடைத் தட்டை அவளிடமிருந்து தள்ளி வைப்பேன்.

ஒருநாள் அந்தப் போத்தலை என்னிடமே நீட்டினாள். கடையில் நின்ற பேத்தி அவளோடு பிரெஞ்சில் கதைத்துவிட்டு எனக்குச் சொன்னாள்.

"அம்மம்மா, அவையின்ர ஊரில ரோட்டு வண்டியைச் சுத்தி நிண்டு எல்லாரும் ஒரே சட்டிக்குள்ளதான் தோய்ச்சுச் சாப்பிடுவினமாம்."

"சீ, ஊர் எச்சில் முழுக்க ஒரு சட்டிக்குள்ளையோ? என்ர வடையில என்ன குறையாம்? கேள்."

"குறையில்லையாம். இஞ்சை தனியத் தோய்ச்சுச் சாப்பிட்டு அலுத்துப்போச்சாம். அதுதான் உங்களையும் கூப்பிடுறா."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அருவருப்பு இன்னும் போகவில்லை. ஆனாலும் சனிக்கிழமை வந்தால் முறுகலான வடையாகப் பார்த்து அவளுக்கென்று எடுத்து வைக்கிறேன். ஏனென்று எனக்கே விளங்கவில்லை.

எழுத்துக்கூட்டி இவ்வளவும் எழுதிவிட்டேன். பேத்திப்பிள்ளை, ஒருக்கா வாசி பாப்பம். முதல் கையைக் கழுவிப்போட்டு வா, உன்ர விரலிலயும் அவளின்ர வினாகிரி மணக்குது.