குடிலுக்குள் நின்ற ஜப்பான் ரயில்

பழைய ஜப்பான் தகர பொம்மைகளைச் சேர்ப்பவன் நான். தர்மபுரி மாவட்டத்தில் இந்தக் கிறுக்கு வேறு யாருக்கும் இருப்பதாகத் தெரியவில்லை. பழைய இரும்புக் கடைக்காரர்கள் என்னைக் கண்டால் சிரிப்பை அடக்கிக்கொண்டு சாக்கைக் கொட்டிக் காட்டுவார்கள். அப்படிப் பொம்மிடியில் கிடைத்ததுதான் அந்தச் சாவி கொடுக்கும் ரயில் எஞ்சின். சிவப்புப் பட்டை, ஜன்னலில் தொப்பி போட்ட டிரைவரின் முகம், அடியில் பொடி எழுத்தில் ஜப்பான் முத்திரை. இந்த மாதிரிப் பொம்மைக்கு உயிரே தகரத்தின் மேலுள்ள அந்த வண்ண அச்சுதான். அது போனால் வெறும் தகரம்.

வீட்டில் நானும், புருஷனை இழந்து திரும்பி வந்த அக்காவும் மட்டும். டிசம்பர் பிறந்தால் அக்கா கிறிஸ்துமஸ் குடிலுக்காகத் தட்டுகளில் ஈர மண் பரப்பிக் கேழ்வரகு விதைப்பாள். அது முளைத்துப் பச்சைப் புல்லாக நிற்கும். மூன்று வருடத்துக்கு முன் எஞ்சினைக் கேட்டாள்.

“பொம்மிடி வழியா எத்தினி ரயிலு போவுது, நம்ம குடிலுக்குள்ள ஒண்ணு போவக் கூடாதாடா?”

சிரிப்பு வந்துவிட்டது, கொடுத்துவிட்டேன். பயிர் வாடாமலிருக்க அவள் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தாள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், பயிர் நடுவில் நிற்கும் எஞ்சின் நனைகிறதே என்று தோன்றவில்லை.

மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து குடிலைப் பிரித்தபோது அதன் சக்கரமெல்லாம் துரு. அக்கா எடுத்துப் போய், குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோலப் புளியும் சாம்பலும் போட்டு முழுசாகத் தேய்த்திருக்கிறாள். பட்டை, டிரைவர், ஜப்பான், எல்லாம் போய்விட்டது. மொட்டைத் தகரத்தைச் சந்தோஷமாக நீட்டினாள்.

“பாருடா, புதுசாட்டம் ஆயிடுச்சி.”

“உன் கை பட்டாலே நாசந்தான்” என்றேன்.

புருஷன் செத்தபோது மாமியார் வீட்டில் சொல்லி அனுப்பிய அதே வார்த்தை. தெரிந்தேதான் சொன்னேன். அவள் எஞ்சினை மேஜையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

அடுத்த டிசம்பரில் அவள் விதைக்கவில்லை. கேட்டதற்கு, “நீயே போட்டுக்க. என் கை எதுக்கு?” என்றாள். தப்பு என்னுதுதான் என்று சொல்ல வாய்வரை வந்தது, வீம்பு விடவில்லை. அதற்கடுத்த வருடமும் குடில் இல்லை. போன ஆகஸ்டில் நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்துவிட்டாள்.

இந்த வருடம் நானே விதைத்தேன். தண்ணீர் அதிகம் போலிருக்கிறது, விதையெல்லாம் அழுகி நாறுகிறது. அந்தச் சேற்றின் நடுவில் எஞ்சினை வைத்திருக்கிறேன். சக்கரத்தில் மறுபடியும் துரு ஏறுகிறது. தேய்த்துத் தர ஆள் இல்லை.