கையைக் கட்டிக்கொண்டு சொல்லுங்கள்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் மரண அறிவித்தல் அச்சடித்துக் கொடுக்கிறேன். என் பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டுத் தந்தவர்கள், சனிக்கிழமைகளில் வெள்ளவத்தையில் சம்பளமில்லாமல் உதவி செய்பவர்கள். பிரிண்டர் வேலை செய்யாமல் இரண்டு தரம் எல்லாவற்றையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். அங்கிருந்த தம்பி மவுஸை வாங்கிப் படபடவென்று அமத்திச் சரியாக்கிவிட்டு, "லேசான வேலை அக்கா" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மூன்றாம் தரம் பிரிண்டர் நின்றது ஒரு புதன்கிழமை. செத்தவீட்டுக்காரர் கடையில் காத்து நின்றார். அறிவித்தலைக் கையால் எழுதிக் கொடுத்தேன். வெட்கமாக இருந்தது.

சனிக்கிழமை மவுஸை நான் விடவில்லை.

"தம்பி, கையைக் கட்டிக்கொண்டு சொல்லும். நான் அமத்துறன்."

"நேரம் போகுமே அக்கா."

"மூண்டு தரம் வந்தனான். அது நேரமில்லையோ?"

ஒரு மணித்தியாலம் எடுத்தது. இப்போது நானே சரி செய்கிறேன். அங்கே புதிதாக வருகிறவர்களிடமும் சொல்கிறேன்: மவுஸைக் கொடுக்காதீர்கள்.