எச்சரிக்கை ஆங்கிலத்தில், சிபாரிசு ஜெர்மனில்: விழிஞ்ஞம் பக்கத்துப் பலகை

நேற்றுக் காலை வரை பலகை மாற்றப்படவில்லை. சொன்னவர் அந்தக் கடற்கரையில் லைஃப் கார்டாக இருக்கும் சேவியர். பலகைக்குக் கீழே நின்றபடியே போனில் பேசினார், படமும் அனுப்பினார். விழிஞ்ஞம் பக்கம் போகத் திட்டமிட்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடற்கரையின் பெயரை நான் எழுதவில்லை. சேவியருடையது ஒப்பந்த வேலை; பேசியது தெரிந்தால் போய்விடும்.

நான் போனது ஜூலை இரண்டாம் வாரம். ஊர் சுற்றிப் பார்க்கும் எண்ணம் இல்லை. திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் கோயிலை ஒட்டிய தெருவில் இருக்கும் கோமதி கூப்பிட்டார். ஜெர்மனிக்கு வேலைக்குப் போகும் நர்ஸுகளுக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுப்பவர். நான் அங்கே நிருபராக இருந்த காலத்துப் பழக்கம். "ஒரு தடவை வந்து கண்ணால பாருங்கோண்ணா. எழுதறதும் எழுதாததும் உங்க இஷ்டம்" என்றார்.

நாகர்கோவிலிலிருந்து காலை ரயில், இரண்டு மணி நேரத்துக்குள் திருவனந்தபுரம் சென்ட்ரல் ஸ்டேஷன். அங்கிருந்து கிழக்கேகோட்டை நடக்கிற தூரம்தான்; பெட்டி இருந்தால் மட்டும் ஆட்டோ பிடியுங்கள். காப்பி கொடுத்துவிட்டுக் கோமதி விஷயத்துக்கு வந்தார்.

மழைக்காலத்தில் அந்தக் கடலில் இறங்கினால் நீரோட்டம் உள்ளே இழுத்துவிடும். அதே மழைக்காலத்தில்தான் ஆயுர்வேதச் சிகிச்சைக்கு ஜெர்மன்காரர்கள் வருகிறார்கள். ஆகவே கடற்கரைப் பராமரிப்புக் குழு, வைக்கப்போகும் பலகையின் ஆங்கில வாசகத்தை ஜெர்மனில் எழுதித் தரும்படி கோமதியிடம் கேட்டிருக்கிறது. 'கடலில் இறங்க வேண்டாம் என்று எச்சரிக்கிறோம்' என்பது அந்த வாசகம். எச்சரிப்பதற்கு ஜெர்மனில் 'வார்னன்' என்று ஒரு வினை உண்டு. கோமதி அதையே எழுதிக் கொடுத்தார்.

"இதுல யோசிக்க என்னண்ணா இருக்கு? அங்க சின்னக் குழந்தைக்கும் தெரிஞ்ச வார்த்தை."

ஜூனில் பலகை நட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குப் போன மாணவி ஒருத்தி படம் அனுப்பி, "டீச்சரே, இது டீச்சர் எழுதினதல்லல்லோ?" என்று கேட்டிருக்கிறாள். இல்லை. ஆங்கிலத்தில் எச்சரிக்கை அப்படியே சிவப்பில் இருக்க, கீழே ஜெர்மனில் நீல எழுத்தில் வேறொரு வினை: 'எம்ஃபேலன்'. சிபாரிசு செய்வது என்று அர்த்தம். அன்பான விருந்தினர்களின் சௌகரியத்துக்காக, கடலில் இறங்காமலிருக்கும்படி சிபாரிசு செய்கிறார்களாம். ஹோட்டலில் மீன் வறுவலைச் சிபாரிசு செய்வது மாதிரி.

கிழக்கேகோட்டையிலிருந்து விழிஞ்ஞத்துக்கு அடிக்கடி பஸ் உண்டு. பதினாறு கிலோமீட்டர் இருக்கும். துறைமுக லாரிகள் குறுக்கே வந்தால் ஒரு மணி நேரம் ஆகும். அங்கிருந்து ஆட்டோ. நாங்கள் இறங்கியபோது தோளில் துண்டோடு ஒரு வெள்ளைக்கார அம்மாள், அறுபது வயதிருக்கும், பலகையை நின்று நிதானமாகப் படித்துவிட்டுக் கடலை நோக்கி நடந்தார். சேவியர் விசிலை ஊதினார். அந்த அம்மாள் கையசைத்துவிட்டுத் தொடர்ந்து நடந்தார்.

"கண்டோ சாரே? வாசிச்சிட்டுத்தான் இறங்குது. நான் விசில் அடிச்சா எனக்கே டாட்டா காட்டுது!"

கோமதி செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மணலில் ஓடினார். ஓடிக்கொண்டே கத்தியதில் எனக்குப் புரிந்தது 'வார்னன்' ஒன்றுதான். முழங்கால் தண்ணீரில் அந்த அம்மாள் நின்றார், திரும்பினார், கரைக்கு வந்தார். அவர் சொன்னதைக் கோமதி எனக்குத் தமிழில் சொன்னார்: "ஜெர்மன்ல எழுதியிருக்கறச்சே இங்கிலீஷை யார் படிப்பா? சிபாரிசுன்னா கேக்கறதும் கேக்காததும் என் இஷ்டம், நான் வருஷக்கணக்கா கடல்ல நீந்தறவ. ஆபத்துன்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா காலை நனைச்சிருப்பேனான்னு கேக்கறா. நான் என்னண்ணா பதில் சொல்லுவேன்?"

பதிலைக் கேட்கக் குழுவின் செயலாளரிடம் போனோம். கடைத்தெரு மாடியில் அலுவலகம். நாற்காலி போட்டார், சாயா வரவழைத்தார், மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை.

"சிகில்சைக்கு வர்ற கெஸ்ட் சாரே. வந்ததும் பேடிப்பிக்கலாமோ, பயம் காட்டலாமோ? ரிசார்ட்காரங்க ஒரு அபிப்பிராயம் பறஞ்சாங்க. அதான் ஜெர்மனைக் கொஞ்சம் மயப்படுத்தினோம், மிருதுவாக்கினோம்."

"அப்போ இங்கிலீஷை ஏன் மயப்படுத்தலை?" என்றேன்.

"அது வேணுமல்லோ! நாளைக்கு ஒரு கேஸ் வந்தா, நாங்க வார்னிங் கொடுத்தோம்னு கோர்ட்ல காட்ட வேண்டாமா?"

கோமதி சாயா டம்ளரைத் தொடாமல் தள்ளி வைத்தார். "கோர்ட்டுக்கு எச்சரிக்கை, முங்கிச் சாகறவாளுக்கு உபசாரமா?" என்றார். செயலாளர் சிரித்தார். "டீச்சர் வெறுதே சூடாகுது" என்றார்.

இத்தனை வருட வேலையில் அலட்சியத்தை நிறையப் பார்த்திருக்கிறேன். அலட்சியத்தைச் சுட்டிக்காட்டினால் சிலராவது வெட்கப்படுவார்கள். இங்கே உட்கார்ந்து பேசி, அர்த்தம் தெரிந்தே, ஒரு வினையை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்திருக்கிறார்கள். எச்சரிக்கை எந்த வாசகருக்குப் போக வேண்டும், எந்த வாசகருக்குப் போகக் கூடாது என்று பிரித்திருக்கிறார்கள். ரிசார்ட் அறைகள் நிறையட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. அதற்காக ஒருவர் தன் மொழியில் ஆபத்தைப் படிக்கக் கூடாதா? அந்த அம்மாளின் ஈரமான முழங்காலை நான் பார்த்தேன். செயலாளர் பார்க்கவில்லை.

போகிறவர்களுக்கு: ஜூன் முதல் ஆகஸ்ட் வரை விழிஞ்ஞம் பக்கம் மணலில் நடங்கள், மீன் சாப்பிடுங்கள், தண்ணீரில் இறங்காதீர்கள். பலகையில் தமிழ் கிடையாது, அதனால் நானே எழுதுகிறேன்: எச்சரிக்கிறேன். உடன் ஜெர்மன்காரர் யாராவது இருந்தால், பலகையின் மேல்பாதியைப் படிக்கச் சொல்லுங்கள். கிளம்புமுன் கோமதி சேவியருக்கு ஒரு ஜெர்மன் வாக்கியம் சொல்லிக்கொடுத்தார். விசிலுக்குப் பிறகு இப்போது அதையும் கத்துகிறாராம். இருட்டியதும் அவருடைய வேலைநேரம் முடிந்துவிடும்; அதன்பின் அங்கே பேச அந்தப் பலகை மட்டும்தான்.

கோமதி பழைய வாசகத்தையே திரும்ப வைக்கும்படி எழுத்தில் கேட்டிருக்கிறார். குழுவின் அடுத்த கூட்டத்தில் பரிசீலிப்பதாகச் செயலாளர் சொன்னார். கூட்டம் செப்டம்பரில். அதற்குள் கடல் அடங்கியிருக்கும்.