கோட்டுக்கு மேலே நின்ற தண்ணீர்

கீரனூரில் எங்கள் வீட்டுக்கு மாடி எடுத்தபோது நான் ஒருத்தரையும் நம்பவில்லை. கணவர் துபாயில், பால் காய்ச்சும் நாளுக்கு வருவதாக இருந்தார். வேலை முழுக்க என் தலையில்.

மாடிக் குளியலறை சரியாக மாமியாரின் கட்டிலுக்கு மேலே வந்தது. டைல்ஸுக்கு அடியில் பூசும் கசிவுத் தடுப்பு சரியில்லையென்றால் அவர் மேல்தான் ஒழுகும். எது நல்ல பூச்சு என்று கடைக்காரர் ஒன்று சொன்னார், கொத்தனார் வேறொன்று சொன்னார். நான் கடைக்காரர் சொன்னதை வாங்கியதும் கொத்தனார் முகம் சுண்டிப்போனது. இந்த ஆள் பாதி டப்பாவை அமுக்கிவிடுவார் என்று அப்போதே தோன்றிவிட்டது.

பூச்சு காய்ந்ததும் கொத்தனார் தரையில் தண்ணீர் கட்டி, மட்டத்துக்குச் சுவரில் கரிக்கோடு போட்டார்.

“தண்ணி ரொம்ப எறங்கலைன்னா டைல்ஸ் ஒட்டிறலாம்க்கா.”

மறுநாள் போய்ப் பார்த்தேன். அடிக்கிற வெக்கைக்குக் கொஞ்சமாவது வற்ற வேண்டாமா? கோட்டுக்கு மேலே நிற்கிறது! அட களவாணி, ஒழுகுவதை மறைக்க ஊற்றி வைத்தாயா என்று கொத்தனாரைப் பிடித்துக்கொண்டேன்.

“நா எதுக்குக்கா ஊத்தப்போறேன்? எனக்கென்ன கிறுக்கா?” என்றார். திருடன் ஒப்புக்கொள்வானா என்ன!

அடுத்த நாள் அவர் சாப்பிடப் போன நேரம், மாடியில் கதவு மறைவில் நின்றேன். படியில் காலடிச் சத்தம். இடுப்பில் குடத்தோடு வந்தது மாமியார். மூட்டுவலி என்று வாசல்படிகூட இறங்காதவர்!

“அத்தை! கீழ ஒழுகுதா?”

“சொட்டுச் சொட்டாத்தான் ஆத்தா. கட்டில அங்கிட்டு நகத்திப் போட்டுக்கிட்டேன்.”

“அத ஏன் எங்கிட்ட மறைச்சீங்க?”

“மறுபடி பூசுனா வேல இழுத்துரும். போன தடவ தளத்துக்கு சென்ட்ரிங் அடிக்கிறது தள்ளிப்போச்சுன்னு எம்மவன் லீவத் தள்ளி வச்சான்ல? இந்தத் தடவயும் தள்ளுனா, அவன் வர்ற வரைக்கும் நா இருக்க வேணாமா?”

கத்தத்தான் வாயெடுத்தேன். அழுகை வந்துவிட்டது. குடத்தை வாங்கிக் கீழே வைத்தேன்.

கொத்தனாரிடம் சொன்னதும் அவர் கடைக்காரரைத் திட்டினார். நான் இரண்டு பேரையுமே சந்தேகப்பட்டேன்.

சாயங்காலம் கணவர் போனில் பேசினார். “வேல முடிஞ்சிருமா? நம்பி டிக்கெட் போடலாமா?”

மாமியார் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எல்லாம் முடிஞ்சிருச்சுங்க. போட்டுட்டு வாங்க.”

மேலே கொத்தனார் பூச்சைச் சுரண்டும் சத்தம் கணவருக்குக் கேட்டுவிடாமல் போனைக் கையால் பொத்திக்கொண்டேன்.